மாரித் ஆன புனிதா

ட்வெய்ட்டா, ஒஸ்லோ
3 செப்டெம்பர் 2023

நிலூஜா,

உன் இலக்கத்தை என் கைபேசியில் தடுத்துவிட்டேன். நேற்று நீ ஒன்பது தடவை அழைப்பு எடுத்தது எனக்குத் தெரியாது. அம்மாவின் கைபேசிக்கு எடுத்து நீ அழுத பிறகுதான் தெரியும். அம்மாவை இதற்குள் இழுக்காதே. சொல்வதைத் தாளில் எழுதித் தபாலில் போடு. தமிழிலே எழுது. நோர்வேஜிய மொழியில் நீ எழுதினால் எல்லாமே நியாயம் போலக் கேட்கும், எனக்குத் திட்டவும் வராது.

தயாரிப்பாளர் ஹோக்கோனின் மின்னஞ்சல் வெள்ளிக்கிழமை வந்தது. நான் வேலை செய்கிற பார்னஹாகேயில், பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மழைச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது வாசித்தேன். மிக மரியாதையாக எழுதியிருக்கிறார். நீ எழுதின படத்தின் கதாநாயகி இனி புனிதா இல்லையாம், மாரித் என்ற நோர்வேக்காரியாம். மாரித்தாக இங்வில்ட் நடிக்கிறாளாம். மாரித்தின் தமிழ்த் தோழியாக நான் நான்கு காட்சிகளில் வரலாமாம். அந்தப் பக்கங்களையும் அனுப்பியிருந்தார். இரண்டில் மீன் வெட்டுகிறேன். ஒன்றில் மாரித்துக்குக் கறி கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நான்காவதில் அழுகிறேன். அந்தத் தோழிக்குப் பெயர்கூட இல்லை.

இது யாருடைய கதை நிலூஜா? 1991இல் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேகம் போதாது என்று இயந்திரத்தின் மூடியைக் கழற்றிவிட்டார்கள். என் அம்மா மரியரஞ்சனியின் இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். "மூடியைக் கழட்டிப்போட்டினம்" என்று அம்மா சொன்னதை அந்த மனிதர் "நான் கவனிக்கவில்லை" என்று மாற்றிச் சொன்னார். அம்மா எழும்பி நின்று, அரைகுறை நோர்வேஜிய மொழியில், "இல்லை. நான் அப்படிச் சொல்லவில்லை" என்றார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் நீ ஆறு வருடம் எங்கள் குசினி மேசையில் இருந்து அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினாய். மாரித்துக்கு எதற்கு மொழிபெயர்ப்பாளர்?

மார்ச்சில் நான் கொடுத்த நடிப்புப் பரிசோதனை நினைவிருக்கும். அந்தக் காட்சியில் நீ எழுதாத ஒன்றை நான் செய்தேன். கம்பளிக் கையுறையைப் பல்லால் கடித்து ஒவ்வொரு விரலாக இழுத்தேன். இரண்டு வெறும் விரல்கள் வந்தபோது இழுக்கவில்லை, தொங்கவிட்டேன். ஹோக்கோன் கதிரையை விட்டு எழும்பினார். வெளியே வந்து நீ என்னைக் கட்டிப்பிடித்து, "எடியே, நீதான்! வேறை ஆரும் இல்லை" என்றாய்.

ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. அவர்கள் இந்த முடிவை எடுத்தபோது நீ அந்த அறையில் இருந்தாயா?

மயூரா


எல்லிங்ஸ்ருட்
10 செப்டெம்பர் 2023

அன்புள்ள மயூரா,

இருந்தேன்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்துவிட்டேன். ஐந்தாவதையும் கிழித்தால் பிறகு எழுதவே மாட்டேன் என்று தோன்றுவதால், எப்படி வருகிறதோ அப்படியே அனுப்புகிறேன்.

அறையில் ஹோக்கோனும் படத்தை விநியோகிப்பவர்களும் நானும் இருந்தோம். இரண்டு இலட்சம் டிக்கெட் விற்கும் என்று நம்பிக்கை வந்தால்தான் இந்த அளவில் படம் எடுக்க முடியும் என்றார்கள். சுவரில் ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். எந்த நடிகரின் முகம் சுவரொட்டியில் இருந்தால் எத்தனை பேர் தியேட்டருக்கு வருவார்கள் என்ற கோடுகள். இங்வில்ட்டின் கோடு மேலே மேலே போனது. உனக்குக் கோடே இல்லை. நடித்தால்தானே கோடு வரும், கோடு இருந்தால்தானே நடிக்கவிடுவார்கள் என்று நான் கேட்டேன். ஹோக்கோன் சிரித்துவிட்டு, "நீ சொல்வது சரி, ஆனால் அதை மாற்றுகிற முதல் ஆளாக நான் இருக்க முடியாது" என்றார்.

என்னால் முடிந்தவரை கதைத்தேன், மயூரா. அதை நீ நம்ப வேண்டும்.

இந்தக் கதவு ஒருமுறை திறக்கட்டும். ஒரு தமிழ்ப் பெண் எழுதிய படம் நாடு முழுக்கத் தியேட்டர்களில் ஓடினால் அடுத்ததில் நான் கேட்பதை அவர்கள் கேட்கத்தான் வேண்டும். அடுத்தது உனக்கு. தயவுசெய்து அந்த நான்கு காட்சிகளிலும் நடி. தோழிக்கு நல்ல பெயர் வைக்கிறேன். அழுகிற காட்சியை வெட்டிவிடுகிறேன்.

அம்மாவிடம் நான் முறையிடவில்லை. செய்தியை என் வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் எடுத்தேன். "உங்கடை அலுவல் பிள்ளையள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நிலூஜா


ட்வெய்ட்டா
19 நவம்பர் 2023

நிலூஜா,

நான்கு காட்சியும் வேண்டாம் என்று ஹோக்கோனுக்கு எழுதிவிட்டேன். ஒரு மணித்தியாலத்துக்குள் "விளங்குகிறது, வாழ்த்துகள்" என்று பதில் வந்தது. எவ்வளவு சுலபமாக விளங்குகிறது அவர்களுக்கு.

இங்வில்ட் நடித்த எல்லாவற்றையும் பார்த்து முடித்தேன். மூன்று சனிக்கிழமைகள் போயின. அவள் கெட்ட நடிகை என்றால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நல்ல நடிகை. ஒரு படத்தில் கதவைப் பூட்டிவிட்டுப் பிடியில் கையை வைத்தபடி சும்மா நிற்கிறாள். அவ்வளவுதான். அதையே ஏழு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். என்னால் அப்படி நிற்க முடியுமா என்று குளியலறைக் கதவில் நின்று பார்த்தேன். முடிகிறது. அதுதான் இன்னும் எரிகிறது.

இதை எழுத நினைக்கவில்லை. ஆனால் எழுதாவிட்டால் நெஞ்சுக்குள் கிடந்து நாறும். போன வியாழக்கிழமை பின்னேரம் ட்வெய்ட்டாவில் டி-பானே ரயிலுக்கு நின்றேன். எல்லிங்ஸ்ருட் பக்கம் போகிற ட்ரெயின் வந்து நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீயும் அவளும். அவள் தொப்பியை இழுத்து விட்டிருந்தாள், ஆனாலும் தெரிந்தது. நீ எதையோ கைகளால் காட்டிக் கதைத்தாய், அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். உன் வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாய், இல்லையா? பதினெட்டு வருடமாக என் நிலையத்தைத் தாண்டித்தான் உன் வீட்டுக்குப் போகிறாய். ஒரு தடவைகூட இறங்காமல் போனதில்லை.

அவளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தாயா? சம்பல் உறைக்கிறது என்று தண்ணி குடித்தாளா? நீ சிரித்தாயா?

எனக்கு அந்த வேடம் போனது ஒரு கோபம். அந்த ட்ரெயின் வேறு கோபம். எது பெரிது என்று என்னைக் கேட்காதே.

மயூரா


வடக்கிலிருந்து, படப்பிடிப்புத் தளம்
21 பெப்ரவரி 2024

மயூரா,

புட்டு. இடியப்பம் இல்லை. தண்ணி குடித்தாள். நான் சிரிக்கவில்லை, வெட்கமாக இருந்தது.

மூன்று மாதமாக உன் கடிதம் என் பைக்குள்தான் கிடக்கிறது. இங்கே பின்னேரம் தொடங்கவே எல்லாம் நீலமாகிவிடுகிறது, காற்று அடித்தால் ஒரு சொல் வாயிலிருந்து அடுத்த ஆளின் காதுக்குப் போய்ச் சேராது. உன் அம்மா வேலை செய்த தொழிற்சாலை இப்போது களஞ்சியம். வேறொரு கட்டிடத்தில் எடுக்கிறார்கள். மீன் மட்டும் உண்மையான மீன்.

தோழி வேடத்துக்குச் சென்னையிலிருந்து ஒஸ்லோவுக்குப் படிக்க வந்த ஒரு பெண்ணை எடுத்தார்கள். நல்ல பிள்ளை. முதல் நாளே என்னிடம் வந்து, "அக்கா, 'கதைக்கிறது'ன்னா பேசுறதுதானே? நீங்க ஸ்கிரிப்ட்ல எழுதுனது எனக்குப் பாதி புரியவே இல்ல. நான் எங்க ஊர் மாதிரியே பேசிடட்டுமா? இங்க யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?" என்றாள். நான் ஹோக்கோனிடம் போய் யாழ்ப்பாணத்தாள் அப்படிக் கதைக்கமாட்டாள் என்றேன். அவர் அந்தத் தமிழ் வசனங்களையே வெட்டிவிட்டார். நான்கு காட்சி இப்போது இரண்டு.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதே. இங்கே காலையில் எல்லோரும் "எழுத்தாளர் எங்கே?" என்று தேடுகிறார்கள். எனக்கென்று ஒரு கதிரை இருக்கிறது, முதுகில் என் பெயர். விளக்குக்காரரிலிருந்து சாப்பாடு கொடுப்பவர் வரை என் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டார்கள். நீ நடித்து நான் எழுதின நம் நாடகங்களில் யாரும் என்னைத் தேடியதில்லை. அதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, உன் முகம்தான் வந்தது.

இங்வில்ட் உன்னைப் பற்றி அடிக்கடி கேட்கிறாள். எப்படி நடப்பாய், எப்படிக் கோபப்படுவாய் என்று. அவளுக்கு உன்மேல் மரியாதை இருக்கிறது. அவ்வளவுதான் இப்போதைக்கு எழுதலாம்.

நிலூஜா


ட்வெய்ட்டா
26 ஜனவரி 2025

நிலூஜா,

படம் பார்த்தேன்.

முதல் நாளே போனோம், நானும் அம்மாவும். பியோர்ண்டாலிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நாற்பது இருக்கை பதிவு செய்திருந்தார்கள். "எங்கடை ரஞ்சனியக்கான்ரை கதையாம்" என்று சேலை கட்டி வந்தவர்களும் உண்டு. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. சுவரொட்டியில் 'மாரித்' என்று பெரிதாக எழுதியிருந்ததைப் பார்த்து மாமி ஒருவர், "எங்கடை பிள்ளை எப்ப வருவாள்?" என்று என்னிடம் கேட்டார். இருபது நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்டார். பிறகு கேட்கவில்லை. பாதிப் படத்தில் பதினான்கு பேர் கோட்டைப் போட்டுக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்கள். அடுத்த நாளுக்குப் பதிவு செய்திருந்தவர்களுக்குத் தொலைபேசியில் செய்தி போனது. அதற்குப் பிறகு நம் ஆட்கள் யாரும் வரவில்லை.

அம்மா கடைசிவரை இருந்தார். வெளியே வந்து, "பெட்டை நல்லாத்தான் செய்யிறாள்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது, அம்மாவின் வாயிலிருந்தும் அவளுக்குத்தானா என்று. பஸ்ஸில் ஏறிய பிறகு அம்மா மெல்லச் சொன்னார்: "ஆனா உவள் எல்லாத்தையும் ஒரே மூச்சிலை சொல்லிப்போடுறாள். எனக்கு அந்த ஒரு வசனத்தைப் பாடமாக்க எட்டு நாள் எடுத்தது. அவளுக்குச் சொல்லத் தெரியும், அவையளுக்குக் கேக்கத் தெரியும். பேந்து என்ன கரைச்சல்?"

பத்திரிகைக்காரர்கள் எழுதியதைவிட அம்மா சரியாகச் சொல்லிவிட்டார். அவர்கள் "தைரியமான மீன் தொழிலாளி, முன்பும் பார்த்த கதை" என்று எழுதினார்கள். ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரும் புகழ்ந்திருக்கிறார்கள்.

கையுறை.

பல்லால் கடிக்கிறாள். ஒவ்வொரு விரலாக இழுக்கிறாள். இரண்டு விரல்களைத் தொங்கவிடுகிறாள். என்னுடைய அதே இடைவெளி, என்னுடைய அதே தலைச் சாய்வு. தியேட்டர் முழுக்க ஒரு மூச்சு உள்ளே போனது. நான் மேடை ஏறிய காலத்திலிருந்து அந்த மூச்சுக்காகத்தான் காத்திருந்தேன். அது எனக்கு வந்த மூச்சு. அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

பரிசோதனை அன்று அந்த அறையில் ஒரு கமரா ஓடியது. அந்தப் பதிவு ஹோக்கோனிடமும் உன்னிடமும்தான் இருந்தது. யார் கொடுத்தது?

இன்னொன்று. போன செவ்வாய்க்கிழமை தனியாகத் திரும்பவும் போனேன். பெரிய மண்டபத்தில் என்னோடு பதினொரு பேர். வெறும் கதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சந்தோசமாக இருந்தது. வெட்கம் வருமென்று பார்த்தேன், வரவில்லை.

மயூரா


எல்லிங்ஸ்ருட்
16 பெப்ரவரி 2025

மயூரா,

நான் கொடுத்தேன்.

இங்வில்ட்டுக்கு அந்தக் காட்சி பிடிபடவில்லை. இரண்டு நாள் எடுத்தார்கள், சரிவரவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "இதை எழுதும்போது யாரை நினைத்தாய்?" என்று கேட்டாள். மடிக்கணினியைத் திறந்து உன் பதிவைக் காட்டினேன். பார்த்து முடித்துத் திரும்பவும் போட்டுப் பார்த்தாள். "இவள் ஏன் நடிக்கவில்லை?" என்று கேட்டாள். நான் மடிக்கணினியை மூடிவிட்டேன். மறுநாள் அவள் அதைச் செய்தாள். படப்பிடிப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இது சின்னக் குற்றம். பெரியதை இப்போது எழுதுகிறேன்.

என்னால் முடிந்தவரை கதைத்தேன் என்று எழுதியிருந்தேன். பொய். அந்தக் கோடுகளைக் காட்டிய பிறகு ஹோக்கோன் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் தனியாகக் கேட்டார்: "மயூரா இல்லாவிட்டால் கதையைத் தரமாட்டேன் என்று நீ சொன்னால், பாதிச் செலவில், சின்னப் படமாக, உன் விருப்பப்படி எடுக்கப் பார்ப்போம். கொஞ்சத் தியேட்டர்களில்தான் ஓடும். முடிவு உன்னுடையது. என்ன சொல்கிறாய்?"

நான் சரி என்றேன். இங்வில்ட்டுக்குச் சரி என்றேன். யோசிக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

பெரிய தியேட்டர்களுக்கு ஆசைப்பட்டேன், உண்மை. ஆனால் அதற்கும் கீழே ஒன்று இருந்தது. தமிழ்ப் பள்ளியில் தொடங்கி நாம் ஒன்பது நாடகம் போட்டோம். ஒன்பதும் நான் எழுதியவை. முடிந்ததும் எல்லோரும் உன்னைச் சுற்றி நிற்பார்கள். "மயூரான்ரை நாடகம் பாத்தனீங்களோ?" என்பார்கள். என்னிடம் தங்கள் குளிர்க் கோட்டைத் தந்து பிடித்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். ஒருமுறை நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இல்லை. நீ கவனிக்கவே இல்லை. அந்த அறையில் ஹோக்கோன் கேட்டபோது எனக்கு அந்தக் குளிர்க் கோட்டுகள்தான் நினைவு வந்தன. உன் முகம் இல்லாமல் என் எழுத்து நிற்குமா என்று ஒரு தடவை பார்க்க ஆசைப்பட்டேன். உன்னை அவர்கள் வேண்டாம் என்றபோது, அரை நொடி, எனக்கு இனித்தது.

எழுத்து நிற்கவில்லை. இரண்டு இலட்சம் என்றார்கள், பதினோராயிரம் விற்றது. நாளையோடு ஒஸ்லோத் தியேட்டர்களிலிருந்து படத்தை எடுத்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஹோக்கோன் என்ன சொன்னார் தெரியுமா? "பாடம் படித்தோம். புலம்பெயர்ந்தவர்களின் கதைக்கு இங்கே ஆள் வராது." நான் சொன்னேன், படத்தில் புலம்பெயர்ந்தவள் யாரும் இல்லையே, இரண்டு காட்சியில் மீன் வெட்டுகிறாளே அவளைத்தான் சொல்கிறீர்களா என்று. யாரும் சிரிக்கவில்லை. கையில் இருந்த இன்னொரு கதை, கராச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைப் பற்றியது, வேறொரு பெண் எழுதியது, அதையும் அன்றே நிறுத்திவிட்டார்கள். நம்மை எடுத்துவிட்டுப் படம் எடுத்தார்கள், அது விழுந்ததும் நம்மால் விழுந்தது என்கிறார்கள். அதற்கு நான் கையெழுத்துப் போட்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினேன்.

நிலூஜா


ட்வெய்ட்டா
23 மார்ச் 2025

நிலூஜா,

உன் கடிதம் வந்த அன்று அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அரை நொடி இனித்தது என்ற இடத்தில் அம்மா, "நிப்பாட்டு" என்றார். பிறகு, "வாசி" என்றார். முடிந்ததும் எழும்பிப்போய் உலர்ந்த உடுப்புகளை மடித்தார்.

அந்த நிகழ்ச்சி நிரலை நான் கவனித்தேன். உன் பெயர் இல்லை என்று தெரியும். அச்சடித்து வந்துவிட்டது, இனி என்ன செய்யலாம் என்று நினைத்தேன். பேசாமல் இருந்தேன். எனக்கும் அரை நொடி இனித்திருக்கலாம். இதை உனக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை. நீ செய்தது வேறு அளவு.

இரண்டு கிழமைக்கு முதல் ரிஷிகேசன் என்ற பத்திரிகைக்காரர் எடுத்தார். இங்கே பிறந்த தமிழ்ப் பெடியன், பெரிய பத்திரிகை ஒன்றில் வேலை. பியோர்ண்டால் ஆட்கள் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, உங்கடை அம்மான்ரை கதை எண்டு கேள்விப்பட்டனான். என்ன நடந்தது எண்டு சொல்லுவியளோ?" என்றார்.

சம்மதித்தேன். போகும்போது உன் கடிதத்தை எடுத்துப் பையில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று உனக்குத் தெரியும். ஒரு தாள். அதை மேசையில் வைத்தால் போதும். அதற்குப் பிறகு இந்த நாட்டில் ஒரு தமிழ் ஆளின் கதையைக் கேட்டு எழுத உனக்கு ஒரு வீட்டிலும் கதிரை கிடைக்காது.

எல்லாம் சொன்னேன். விரல்கள், மொழிபெயர்ப்பாளர், ஆறு வருடக் குசினி மேசை, கோடுகள், கையுறை. அவர் என் பரிசோதனைப் பதிவைப் பற்றி இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில் கேட்டார்: "எழுதினவ எதிர்க்கேல்லையோ?"

பைக்குள் கையை விட்டேன். தாள் விரலில் பட்டது. உன் எழுத்து நினைவுக்கு வந்தது, நீ 'ழ'வைச் சுழிக்கிற விதம். கனநேரம் கை உள்ளேயே இருந்தது. ரிஷிகேசன் பேனையை வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.

"அதை நீங்கள் அவவைத்தான் கேக்கவேணும்" என்றேன்.

பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. உன்னை மன்னிக்கவும் இல்லை. உன்மேல் எனக்கு இருக்கிற எரிச்சல் இன்னும் பல வருடம் போகும். அதனால்தான் இந்த உறைக்குள் உன் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். என்னிடம் இருந்தால் ஒரு நாள், நீ ஒரு விருது வாங்கிச் சிரித்துக்கொண்டு நிற்கிற ஒரு நாள், கட்டாயம் எடுத்து வெளியே போடுவேன். என்னை நான் நம்பவில்லை. நீயே வைத்துக்கொள்.

நகல் எடுக்கவில்லை.

மயூரா


எல்லிங்ஸ்ருட்
13 ஏப்ரல் 2025

மயூரா,

பத்திரிகை பார்த்திருப்பாய். பார்க்காத மாதிரி இருந்தாலும் பார்த்திருப்பாய்.

ரிஷிகேசன் எனக்கும் எடுத்தார். உன் கடிதம் வந்த மூன்றாம் நாள். கேள்வி அதேதான்: "நீங்கள் எதிர்க்கேல்லையோ?" என் வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது. 'ஒரு எழுத்தாளருக்கு அந்த இடத்தில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று மக்கள் நினைக்கிறார்கள்…' என்று தொடங்குகிற பதில். அதில் பொய் ஒரு சொல்கூட இருக்காது. அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நீ அனுப்பிய கடிதம் முன்னால் மேசையில் கிடந்தது. அவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். முழுவதையும் நோர்வேஜிய மொழியில் வாசித்துக் காட்டினேன், கோட்டுகளையும் அரை நொடியையும் சேர்த்து. நடுவில் அவர், "அக்கா, இதை நான் போடவேணும் எண்டில்லை" என்றார். "போடும்" என்றேன்.

ஹோக்கோன் எடுத்தார். கோபப்படவில்லை. என் அடுத்த கதைக்கு அவரோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது, "இப்போதைக்கு ஆறப்போடுவோம்" என்றார். ஆறாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பியோர்ண்டால் மாமி ஒருவர் கடையில் என்னைக் கண்டு மற்றப் பக்கம் திரும்பினார். இங்வில்ட் ஒரு வரி அனுப்பியிருந்தாள்: "நான் அன்று கேட்டபோதே சொல்லியிருக்கலாம்." அவள் சொல்வதும் சரி. தெரிந்திருந்தால் அவள் விலகியிருப்பாளா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

உன் அம்மா எடுத்தார். "இப்ப எண்டாலும் சொன்னியே" என்றார். வா என்று சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை, கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். புதன்கிழமை ஒரு நாடக அரங்கிலிருந்து ஒரு பெண்மணி எனக்கு எடுத்தார். கட்டுரையை வாசித்தாராம். இலையுதிர் காலத்தில் ஒரு புது நாடகம் போடுகிறார்களாம், கதாநாயகியைத் தேடுகிறார்களாம். என்னை எழுதச் சொல்லப்போகிறார் என்று நினைத்துப் பேனையைத் தேடினேன். "அந்தக் கையுறைப் பெண்ணின் இலக்கம் உங்களிடம் இருக்குமா?" என்றார். கொடுத்தேன். நாடகத்தை யார் எழுதுகிறார்கள் என்று கேட்டேன். பேர்கனிலிருந்து ஒரு ஆள், இருபத்தாறு வயதாம். என்னைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தொலைபேசியை வைத்த பிறகு பாத்திரம் கழுவத் தொடங்கி, கழுவியதையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பத்திரிகையில் உன் படம் அரைப் பக்கம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய், வடிவாக இருக்கிறாய். என் படம் கீழ் மூலையில், தீப்பெட்டி அளவு, கண் பாதி மூடியிருக்கிறது. எல்லாம் தெரிந்து, எல்லாம் சொல்லி, எல்லாம் இழந்த பிறகும், அதைப் பார்த்ததும் முதலில் எரிந்தது வயிறுதான். இதை உன்னிடம் மறைத்துத்தான் இவ்வளவும் வந்தது. இனி மறைக்கமாட்டேன்.

அந்தப் பேர்கன்காரன் நன்றாக எழுதாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீ நன்றாக நடிக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில்.

முதல் நாளுக்கே டிக்கெட் எடுப்பேன். எந்த வரிசை என்று சொல்லமாட்டேன். முடிந்ததும் உன்னைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். அதற்குள் நான் போய்விடுவேன்.

நிலூஜா